ஆறு நிமிடம்

மூன்று வேலைகள் ஒரே வாரத்தில் வந்தன.
வூச் நகரில் அக்டோபர், ஜன்னலை மூடினாலும் காற்று வரும் வீடு,
சமையலறை மேசையில் மூன்று கடிதங்கள்.

முதலாவது வார்சாவில், இருபத்திரண்டாம் மாடி.
சம்பளத்தைப் பார்த்து மிரோன் விசிலடித்தான்.
"பாதியைக் கொடுத்துவிடு. கொசுவலை வாங்கு.
நீ நேரில் போய்க் கிழிப்பதைவிட அது நூறு மடங்கு."
அவன் கணக்கில் பிழை இல்லை.
எரிச்சலே அதுதான்.

இரண்டாவது ஓர் அறக்கட்டளை.
நேர்காணல் அறைச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு குழந்தை முகம்,
அதற்கு நேர் கீழே என் நாற்காலி.
இரண்டு மணி நேரத்தில் யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

மூன்றாவது, நகரப் போக்குவரத்துக் கழகம். கால அட்டவணைப் பிரிவு.
தகுதிகளின் கடைசி வரியில்: பொறுமை வேண்டும்.

மிரோன் எக்செல் தாள் ஒன்றைத் திறந்தான்.
எத்தனை பேருக்கு, எவ்வளவு ஆழமாய், எத்தனை வருடம்,
நீ இல்லாவிட்டால் வேறொருவர் செய்துவிடுவாரா.
அந்தக் கடைசிக் கட்டம் மீன்முள்ளாய்த் தொண்டையில் நின்றது.
இருபத்து மூன்று வயதுவரை
நான் இருப்பதாகவே வைத்துத்தான்
எல்லாத் தேர்வும் கேள்வி கேட்டது.

"டிராம் வரும் நேரம் எழுதுவதெல்லாம் சேவையா?"
மூன்றாவது வரிசைக்கு இரண்டு மதிப்பெண் போட்டான்.
நான் உருளைக்கிழங்கைத் தடிமனாய்ச் சீவினேன்,
பாதிக் கிழங்கு குப்பைக்குப் போனது.

அந்தச் சனிக்கிழமை ஒரு கல்யாண விருந்து முடிந்து
செருப்பைக் கையில் பிடித்தபடி விடிகாலையில் வந்தேன்.
மருத்துவமனை நிறுத்தத்தில் ஆறு பெண்கள்,
கோட்டுக்குக் கீழே நீல மேலங்கி, கையில் பினாயில் வாசம்.
துப்புரவு ஷிப்ட் முடிவது 4:45.
டிராம் கிளம்புவது 4:46.
வாசலிலிருந்து நிறுத்தத்துக்கு நான்கு நிமிட நடை.
அதன் பின்விளக்கைத் தினமும் பார்த்துவிட்டு
நாற்பது நிமிடம் நிற்கிறார்கள்.

ஓரிஸ்யா என்பவள் உக்ரைன்காரி,
என் உள்ளங்கையில் சூரியகாந்தி விதை கொட்டினாள்.
"யாரிடமும் சொல்லவில்லையா?"
"டிராம் அப்படித்தான்" என்றாள்,
மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

அதனால்தான் சேர்ந்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும்.
வார்சாவில் வாடகை பயமுறுத்தியது,
அந்தக் குழந்தை முகமும்தான்.
அம்மா போனில் நெடுநேரம் பேசவில்லை,
பிறகு, "பென்ஷன் உண்டா?" என்றாள்.

ஆறு நிமிடம் தள்ளிவைக்கப் பதினான்கு வாரம்.
ஓட்டுநர் தேநீர் குடிக்கும் இடைவேளை,
தொழிற்சங்கத்தின் கையெழுத்து,
ஒரு சந்தி விளக்கு, பணிமனையில் ஒரு கதவு.
ஒரு நிமிடத்துக்குள் இத்தனை பேர் குடியிருப்பது
எனக்குத் தெரியாது.

மார்ச் முதல் தேதி, 4:52.

நான்காம் நாள் கடிதம் வந்தது.
திரு. குபியாக், கண்ணாடித் தொழிற்சாலை, பக்கத்து ஊர்.
"டிராம் இப்போது 5:17க்கு நிலையம் வருகிறது.
என் ரயில் 5:14க்கு.
அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து.
இதைச் செய்தவர் யாரோ,
அவர் வேலைக்குக் காரில் போகிறவராக இருக்க வேண்டும்."

என்னிடம் கார் இல்லை.
அதை எழுதி, அடித்தேன்.

நிறுத்தத்துப் பெண்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.
எதை எழுதுவார்கள்? டிராம் அப்படித்தான்.

வார்சா வேலையை எடுத்துக்கொண்டவன் மிரோன்.
மாதக் கடைசியில் ரசீதைப் படமெடுத்து அனுப்புகிறான்:
இருநூற்றுப் பத்து வலை.
ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்க்கிறேன்,
சரியாகத்தான் இருக்கிறது.

இரவு எட்டரை. அலுவலகத்தில் ஹீட்டரை அணைத்துவிட்டார்கள்.
மருத்துவமனையிலிருந்து ரயில் நிலையம்வரை
பதினோரு நிறுத்தம்.
எங்கேயாவது நான்கு நிமிடம் சும்மா நிற்கிறதா என்று
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
இதுவரை ஒன்றரை.